பாங்காக்கில் தனியாக ஒரு நாள்: காலை முதல் இரவு வரை முழுமையான வழிகாட்டி

பாங்காக்குக்கு முதல் தடவை தனியாகப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோயில்), சைனா டவுன். பட்டியலில் தப்பு இல்லை, நான்கும் ஒரே நாளில் அடங்கும். எதை எப்போது பார்ப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பதினொரு மணிக்கு அரண்மனை வாசலில் போய் நிற்பது, உச்சி வெயிலில் வாட் அருண் படி ஏறுவது, சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்சியில் ஏறி ஒரே சிக்னலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்று நாள் போய்விடுகிறது.

இந்த நாளை நான் பல தடவை தனியாக நடந்து பார்த்திருக்கிறேன். அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கேட்டுக் கேட்டுத் திருத்திய வடிவம் இது. வெயில், மூடும் நேரம், ஆறு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைந்திருக்கிறது. ஒரு படியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் அடுத்த இரண்டும் கெட்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சொல்கிறேன்.

1. தங்கும் இடம்

அறையை ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். இந்த வழிகாட்டி சீலோம், சாத்தோன் பகுதியில் தங்குவதை வைத்து எழுதியது. அங்கே பி.டி.எஸ். மேம்பால ரயில், எம்.ஆர்.டி. சுரங்க ரயில், படகுத்துறை மூன்றும் கைக்கெட்டும் தூரம். சுகும்வித் பக்கம் தங்கினாலும் சரிதான், காலையில் அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அரண்மனைக்குப் பக்கம் என்று காவ் சான் சாலையில் அறை எடுப்பவர்கள் அதிகம். அங்கே ரயில் கிடையாது, இரவு முழுக்கச் சத்தம். மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டிய ஆளுக்கு அது ஒத்துவராது.

2. முந்தின நாள் இரவே முடிக்க வேண்டியவை

முதல் வேலை, அரண்மனையின் (கிராண்ட் பேலஸ்) அதிகாரபூர்வ இணையதளத்தைத் திறந்து, மறுநாள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அரச சடங்குகள் இருந்தால் சில பகுதிகளையோ முழு வளாகத்தையோ மூடுவார்கள். இதை நீங்களே பார்த்து வைத்தால்தான், மறுநாள் தெருவில் யாராவது 'இன்றைக்கு மூடியிருக்கிறது' என்று சொல்லும்போது தைரியமாகத் தாண்டிப் போக முடியும். ஏன் என்பது ஐந்தாவது படியில் வரும்.

இரண்டாவது, பணம். நுழைவுக் கட்டணம் மட்டும் 1,000 பாத் (தாய்லாந்துப் பணம்): அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து 100 பாத்துக்குப் பக்கத்தில் ஆகும். சாப்பாடு, தண்ணீர், ஒரு மசாஜ் என்று சேர்த்தால் 2,500 பாத் ரொக்கம் கையில் இருப்பது நல்லது. அதில் 20, 50, 100 பாத் தாள்கள் நிறைய இருக்கட்டும். படகிலும் தள்ளுவண்டியிலும் 1,000 பாத்தை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டி வரும்.

ஏ.டி.எம்.மில் எடுப்பதானால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாத்தோ அதற்கு மேலோ பிடிப்பார்கள். உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றிக் கணக்கு காட்டட்டுமா என்று திரை கேட்கும். வேண்டாம் என்பதை அழுத்துங்கள். அவர்கள் மாற்றும் விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்தான்.

ஓட்டலின் பெயரும் முகவரியும் தாய்லாந்து எழுத்தில் உள்ள அட்டையை வரவேற்பறையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் பல ஓட்டுநர்களுக்குப் புரியாது. நகர வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். டாக்சி கூப்பிடும் செயலிகளான கிராப், போல்ட் இரண்டில் ஒன்றை நிறுவி, அட்டையையும் இணைத்துவிடுங்கள். தெருவில் நின்றுகொண்டு வங்கியின் ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது பெரும் எரிச்சல்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்கு நாளைய வரிசையை அனுப்பி வையுங்கள். சுற்றுலாக் காவல் 1155, ஆம்புலன்ஸ் 1669. இரண்டு எண்ணையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

3. உடை, செருப்பு, பை

அரண்மனையில் உடை விதி கறார். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உடம்பை ஒட்டிய லெகிங்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டா போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாசலிலேயே நிறுத்துவார்கள். மெல்லிய பருத்திப் பேன்ட், கை வைத்த தொளதொள சட்டை போதும். சல்வார் கமீஸ் போடுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

செருப்பு கயிறு இல்லாததாக இருக்கட்டும். அன்றைக்கு எத்தனை தடவை கழற்றி மாட்டுவீர்கள் என்று எண்ணினால் ஆச்சரியப்படுவீர்கள். ஷூ போட்டால் ஒவ்வொரு சன்னதி வாசலிலும் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். தனியாக வந்தவருக்குக் கைப்பையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. அதே காரணத்துக்காகப் பை ஒன்றே ஒன்று, முன்பக்கம் தொங்குகிற மாதிரி இருக்கட்டும். உள்ளே தண்ணீர், மடக்குக் குடை, கைக்குட்டை, பவர் பேங்க், பாஸ்போர்ட் நகல்.

குடை மழைக்கு மட்டும் இல்லை. அரண்மனை முற்றத்தில் நிழல் குறைவு. மே முதல் அக்டோபர் வரை போனால் மழைக்கும் உதவும்.

4. காலை 6:30: மாரியம்மன் கோயில், அங்கிருந்து படகு

சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்பார்கள். காலையில் ஆறு மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்லாந்துப் பெண்கள் தேங்காயும் சாமந்தி மாலையும் வைத்த தட்டோடு அம்மன் முன்னால் கண்ணை மூடி நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் ஒவ்வொரு தடவையும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அங்கிருந்து பான் சாலையிலேயே நேராக நடந்தால் சாத்தோன் சாலை வரும். சுரசக் பி.டி.எஸ். நிலையம் பக்கத்தில்தான். ஒரே நிறுத்தம் தள்ளி சபான் தாக்சின். 2ஆம் எண் வாசலில் இறங்கினால் எதிரே சாத்தோன் படகுத்துறை. வழியில் ஒரு செவன் இலெவன் கடையில் ரொட்டியோ வாழைப்பழமோ வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். அரண்மனைக்குள் போன பிறகு மத்தியானம் வரை ஒழுங்கான சாப்பாடு கிடைக்காது.

சரி, ஏன் படகு? சனாம் சாய் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கியும் அரண்மனைக்குப் போகலாம். ஆனால் அந்த நிலையம் இருப்பது தெற்கே, பார்வையாளர் வாசல் இருப்பது வடக்கே. சுற்றுச்சுவர் மொத்தம் 1,900 மீட்டர் நீளம். அந்தச் சுவரோரம் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், ஏமாற்றுக்காரர்கள் நிற்பதும் அங்கேதான். படகில் தா சாங் துறையில் இறங்கினால் வாசல் நான்கைந்து நிமிட நடை.

துறையில் பல விதப் படகு நிற்கும். சுற்றுலாப் பயணிகளுக்கான நீலக் கொடிப் படகுக்கு ஆட்களைக் கூவிக் கூவிச் சேர்ப்பார்கள். அதன் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடிப் படகு. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாத், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போவதும் அதில்தான். கொடி படகின் பின்பக்கத்தில் இருக்கும், ஏறும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும் வேகமாக நடக்கும். பின்னால் நிற்கும் ஆள் விசில் அடித்துக்கொண்டே படகைத் துறையோடு அணைப்பார். ஒரு நீண்ட விசில், இரண்டு குட்டி விசில், கயிறு மாட்டியதும் கூட்டம் இறங்கும், உடனே ஏறும், அடுத்த நொடியே படகு விலகிவிடும். அதனால் இறங்கும் துறைக்கு ஒரு நிறுத்தம் முன்பே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டு, தா சாங் பலகை கண்ணில் பட்ட பிறகு எழுந்தவர்கள் அடுத்த துறையில்தான் இறங்கியிருக்கிறார்கள்.

டிக்கெட் கொடுப்பவர் கையில் நீளமான தகரக் குழாய் ஒன்று இருக்கும். அதைத் திறந்து மூடிச் 'சடக் சடக்' என்று சத்தம் எழுப்பிக்கொண்டே வருவார். சத்தம் கேட்டால் 20 பாத்தை எடுத்து வையுங்கள், மிச்சச் சில்லறை அந்தக் குழாயிலிருந்தே வரும். துறவிகளுக்கென்று படகில் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே நிற்காதீர்கள். பெண்கள் துறவிகள் மேல் படாமல் சற்று விலகி நிற்பது அங்குள்ள மரியாதை.

ஏழரைக்கு ஏறினால் எட்டேகாலுக்குள் தா சாங்கில் இருப்பீர்கள். எட்டு மணிக்கு ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ இருக்க நேர்ந்தால் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லாரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள். மாலை ஆறு மணிக்கும் இதே பழக்கம்தான்.

5. காலை 8:15: அரண்மனை வாசல் வரை யாரோடும் பேசாதீர்கள்

துறையிலிருந்து நா பிரா லான் சாலையில் நேராக நடங்கள். வலது கைப் பக்கம் உயரமான வெள்ளைச் சுவர், இடது பக்கம் சில்பாகோன் பல்கலைக்கழகம். வாசலும் வலது பக்கம்தான். 8:30க்குத் திறந்து, மாலை 3:30க்கு டிக்கெட் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். எட்டரைக்கே உள்ளே போக வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பத்தரைக்கு மேல் தரைக் கல்லும் சுட ஆரம்பித்துவிடும்.

என் சித்தப்பா மகன் பத்து மணிக்கு மேல் சுவரோரம் நடந்து போயிருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல ஆங்கிலம், இப்படி ஓர் ஆள் வந்து, 'அரண்மனை இப்போது பூஜைக்காக மூடியிருக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை நிற்கும் புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள், 20 பாத் போதும்' என்று ஒரு துக்துக்கைக் (அந்த ஊர் ஆட்டோ) கூப்பிட்டு ஏற்றிவிட்டிருக்கிறார். வண்டி புத்தரைக் காட்டியது, அப்புறம் ஒரு தையல் கடை, ஒரு ரத்தினக் கடை. மூன்று மணி நேரம் கழித்து அவன் வாசலுக்கு வந்தபோது உள்ளே கூட்டம் அலைமோதியது. நீலக்கல் என்று சொல்லி அவன் தலையில் எதையும் கட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

அரண்மனை திறந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தெருவில் நின்றுகொண்டு யாரும் அதிகாரபூர்வமாக உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். சொல்ல வந்தவர் யாராக இருந்தாலும், சிரித்துத் தலையசைத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். பதில் சொல்ல நின்றால் பேச்சு வளரும். பக்கத்தில் 'வாடா போகலாம்' என்று கையைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லை.

6. அரண்மனைக்குள்: முதலில் மரகத புத்தர், அப்புறம் சுவர்

உள்ளே போனதும் எல்லாரும் தங்க நிற ஸ்தூபியின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அதைத் தாண்டி நேராக மரகத புத்தர் சன்னதிக்குப் போய்விடுங்கள். வளாகத்திலேயே கூட்டம் சீக்கிரம் சேரும் இடம் அதுதான். சிலை 66 சென்டிமீட்டர்தான், மிக உயரத்தில் இருக்கும், அமைதியாக உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். காலைப் பின்பக்கம் மடக்கி உட்காருங்கள். பாதம் புத்தரைப் பார்த்து நீளக் கூடாது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

வெளியே வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிலும் ஒரு பிராகாரம் இருக்கிறது. அதன் சுவர் முழுக்க ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாக ஓடுகிறது. வடக்கு வாசலில் தொடங்கி வலமாகச் சுற்றி வர வேண்டும். வழிகாட்டியோ ஒலிக்கருவியோ நமக்குத் தேவையில்லை. கதை தெரிந்த ஆளுக்கு அந்தச் சுவர் தானே பேசும். முழுவதும் நிழல் என்பதால் வெயில் ஏறுகிற நேரத்துக்கும் பொருத்தம்.

ஓர் ஓவியத்தை மட்டும் தேடிப் பிடியுங்கள். வெள்ளை அனுமன் மலை போல் வளர்ந்து வாயைத் திறந்திருப்பார். வாய்க்குள் ஒரு மண்டபம், அதற்குள் ராமர். நாம் மயில்ராவணன் கதையில் அனுமன் வாலைச் சுருட்டிக் கோட்டை கட்டிக் காவல் காத்தார் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் கதையில் அதே இரவு, அதே காவல், ஆனால் வாலுக்குப் பதில் வாய். கிட்டே போனால் பல்லும் தங்கக் கோடும் தெரியும், மண்டபத்தைச் சுற்றி நிற்கும் குட்டிக் குட்டிக் குரங்கு வீரர்களின் முகமும் தெரியும். நான் முதல் தடவை இந்த இடத்திலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். தொடாமல் பாருங்கள்.

வாசல்களில் நிற்கும் பெரிய காவல் அரக்கர்களில் பச்சை நிறத்தவர் தோட்சகன், நம் ராவணன்தான். சாயங்காலம் வாட் அருணிலும் இவரைப் பார்ப்பீர்கள், அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனைக் கட்டடங்களுக்கு அரை மணி நேரம் போதும். பத்தே முக்காலுக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

7. காலை 11:00: வாட் போ

மேற்குச் சுவரை ஒட்டிய மஹா ராட் சாலையில் தெற்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாய் வாங் சாலை, அதைக் கடந்தால் வாட் போ. இந்த நடையிலும் யாராவது வந்து கோயில் மூடியிருக்கிறது என்பார்கள். பதில் முன்பு சொன்னதுதான்.

சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலைப் பக்கத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள், நெரிசலில் தூண்கள்தான் தெரியும். நிற்காமல் பாதத்தின் பக்கம் போய்விடுங்கள். முழு உருவமும் ஒரே பார்வையில் அங்கிருந்துதான் கிடைக்கும். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்துச் செய்த 108 மங்கலச் சின்னங்களும் அங்கேதான்.

பின்பக்கம் திரும்பினால் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறைத் தட்டு ஒன்று வாங்கிக் கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடக்கலாம். மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த டிங் டிங் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும். பை முன்பக்கமே இருக்கட்டும், காசு போடுகிற கவனத்தில் பையை மறப்பது சுலபம்.

வாட் போ பாரம்பரிய தாய் மசாஜுக்குப் பேர்போன இடம். வேண்டுமென்றால், புத்தரைப் பார்க்கும் முன்பே மசாஜ் மண்டபத்துக்குப் போய் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு எல்லாருக்கும் அந்த ஆசை வரும். அழுத்தம் பலமாக இருக்கும். வலித்தால் 'பாவ் பாவ்' என்று சொல்லுங்கள், மெதுவாக என்று அர்த்தம்.

8. மதியம் 12:30 முதல் 3:30 வரை: வெயிலிலிருந்து விலகுங்கள்

நான் தாளில் எழுதிக் கொடுத்ததில் மிக அதிகமாக மீறப்பட்ட படி இதுதான். 'இன்னும் தெம்பு இருக்கிறதே, வாட் அருணையும் முடித்துவிடலாம்' என்று தோன்றும். வெள்ளைப் பீங்கான் பதித்த கோபுரம் அது. நடுப்பகலில் கண் கூசும், படி சுடும், நிழல் அறவே இல்லை. அங்கே ஒரு மணி நேரம் வதங்கியவருக்கு இரவுக்குத் தெம்பு மிஞ்சாது. கூட ஆள் இருந்தால் முகம் வாடியிருக்கிறது என்று சொல்லுவார். தனியாக இருந்தால் தலை சுற்றிய பிறகுதான் தெரியும்.

முதலில் சாப்பாடு. தா தியன் துறையைச் சுற்றி நிறையக் கடைகள் உண்டு. சாப்பிட்ட பிறகு மூன்று வழி. சனாம் சாய் நிலையத்தின் 1ஆம் வாசலை ஒட்டி மியூசியம் சயாம் இருக்கிறது, நல்ல குளிர்சாதனம், திங்கட்கிழமை விடுமுறை. அல்லது மசாஜ். அல்லது சுரங்க ரயிலில் அறைக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு வரலாம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்லுவேன்.

ரயிலுக்கு ஒரு குறிப்பு. எம்.ஆர்.டி.யில் விசா, மாஸ்டர்கார்டு தொட்டுச் செலுத்தும் அட்டையை வாசலில் வைத்தாலே போதும், டிக்கெட் வரிசை தேவையில்லை. உள்ளே போகும்போது வைத்த அதே அட்டையைத்தான் வெளியே வரும்போதும் வைக்க வேண்டும். பி.டி.எஸ். வேறு நிர்வாகம், அதற்குத் தனி டிக்கெட். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாசலில் மாட்டிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

9. மாலை 4:00: ஆற்றைக் கடந்து வாட் அருண்

தா தியன் துறையிலிருந்து அக்கரைக்குப் படகு போய் வந்துகொண்டே இருக்கும், 5 பாத். காலையில் வந்த பெரிய படகு வேறு, இது குறுக்கே மட்டும் போவது. துறையில் யாராவது தனிப் படகு பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சில்லறை கொடுக்கும் சின்னக் கவுன்ட்டரைத் தேடுங்கள்.

நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து, பீங்கான் துண்டுகளின் நிறம் எடுப்பாகத் தெரியும். பூ, இலை என்று ஒவ்வொன்றும் உடைந்த சீனப் பீங்கான் தட்டுகளை வைத்து இழைத்தது. கொஞ்சம் உயரத்தில் மூன்று தலை யானை மேல் இந்திரன். படிகள் செங்குத்தானவை. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வயிற்றைப் பிசையும். இரண்டு கையும் கம்பியில் இருக்கட்டும், கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

ஆறு மணிக்கு மூடுவார்கள், ஐந்தரைக்கே கிளம்பி இக்கரைக்கு வந்துவிடுங்கள். சூரியன் மறைவது வாட் அருணுக்குப் பின்னால். அதைப் பார்க்க வேண்டிய இடம் தா தியன் பக்கம்தான். இருட்டியதும் விளக்கு போடுவார்கள். அதுவரை நிற்க நேரம் இருக்கிறது.

10. இரவு 7:00: யாவராத் (சைனா டவுன்), சைவம் சாப்பிடுபவர்களுக்கும்

இந்த நேரத்தில் டாக்சியோ துக்துக்கோ ஏறாதீர்கள். சனாம் சாய் நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வாட் மங்கோன். வாசலிலிருந்து ப்ளேங் நாம் தெரு வழியாக ஐந்து நிமிடம் நடந்தால் யாவராத் சாலை. அரண்மனை மண்டபம் போலத் தூண்கள் வைத்துக் கட்டிய சனாம் சாய் நிலையத்தையே இரண்டு நிமிடம் நின்று பார்க்கலாம்.

தனியாகச் சாப்பிட இதைவிட நல்ல தெரு எனக்குத் தெரிந்து இல்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரே ஆள் உட்கார்ந்தால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடாமல், தெருவை ஒரு முறை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகள் வராது என்பதால் அன்றைக்கு இந்த நாளை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சைவர்களுக்கு ஒன்று. 'காய்கறி மட்டும்' என்று சொல்வது போதாது. மீன் சாறு, சிப்பிச் சாறு, காய்ந்த இறால் மூன்றும் காய்கறி வறுவலிலும் பப்பாளிச் சாலட்டிலும்கூட விழும். கேட்க வேண்டிய வார்த்தை 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 போல ஓர் எழுத்து இருந்தால் அது ஜே கடை. அங்கே மாமிசம், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்றக் கடைகளில் 'மாய் சாய் நாம் ப்லா' என்றால் மீன் சாறு போட வேண்டாம் என்று அர்த்தம். ஆண்கள் கடைசியில் 'கிரப்' என்றும், பெண்கள் 'கா' என்றும் சேர்த்துச் சொன்னால் மரியாதை. முட்டைக்கும் கோழிக்கும் தாய்லாந்து மொழியில் கிட்டத்தட்ட ஒரே ஒலி, வாயால் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காமல் படத்தைக் காட்டுங்கள்.

யோசிக்காமல் வாங்கக்கூடியவை: சுட்ட செஸ்ட்நட், மாதுளைச் சாறு, தேங்காய்ப் பால் ஊற்றிய மாம்பழ ஒட்டரிசி. சோறு குழம்பு இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே சாம் யோட்டில் இறங்கி, இந்தியர்கள் கடை வைத்திருக்கும் பஹுராட் பக்கம் போகலாம். ஆனால் இருட்டிய பிறகு அங்கே பல கடைகள் மூடிவிடும், முதலில் அங்கே போய்விட்டு யாவராத் வருவது நல்லது.

பணம் கொடுக்கும்போது தாளின் நிறத்தைப் பாருங்கள். 100 பாத் சிவப்பு, 500 பாத் ஊதா. யாவராத்தின் சிவப்பு விளக்கில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். நானே ஒரு தடவை மாற்றிக் கொடுத்தேன். கடைக்கார அம்மா பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுத்தார்.

11. திரும்பும் வழி

ஆரஞ்சுப் படகு மாலையோடு ஓய்ந்துவிடும், இரவில் அதை நம்ப வேண்டாம். வாட் மங்கோனிலிருந்து அதே எம்.ஆர்.டி. நீல வழி ரயிலில் மூன்றாவது நிறுத்தம் சீலோம். சுகும்வித்தில் தங்கியிருப்பவர்கள் அதே ரயிலில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும். ரயில் நள்ளிரவு வரை ஓடும். ஆனாலும் பத்தரைக்குள் ஏறிவிடுங்கள், நிலையத்திலிருந்து அறை வரை நடக்கும் தெருவில் அப்போது ஆள் நடமாட்டம் இருக்கும்.

கால் ஓய்ந்துபோய் டாக்சிதான் வேண்டும் என்றால் செயலியில் கூப்பிடுங்கள். தெருவில் நிறுத்தினால் ஏறும் முன் 'மீட்டர்?' என்று கேளுங்கள், தாய்லாந்து மொழியிலும் அதே வார்த்தைதான். 35 பாத்தில் மீட்டர் தொடங்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் கதவை மூடிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

அறைக்குள் வந்ததும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகலும் அட்டையும் இருக்கின்றனவா என்று பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையைத் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.